டயாப்ரத்துக்கு அடியில் ஒரு ஸ்பிரிங்

பர்லியாறு தாண்டிக் குன்னூர் ஏறும்போது முன்னால் போகிற லாரி கரும்புகை கக்கினால், "எப்படி இழுக்குது பாத்தியா!" என்று மெச்சுவார் சித்தப்பா. அவர் தலைமுறைக்குப் புகைதான் பலம். உண்மையில் அது காற்று போதாமல் அரைகுறையாக எரிந்த டீசல். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டர் காற்றைத் திறந்துவிடும். டீசலில் டீசலைக் கூட்டும். காற்று இருக்கிறதோ இல்லையோ, பழைய பம்ப் கேட்டதைக் கொட்டிவிடும்.

அவரிடம் இருந்தது 1998-இல் வந்த டாடா சஃபாரி, இரண்டு லிட்டர் டர்போ. அந்தக் கனத்த உடம்புக்கு எஞ்சின் சின்னது. டர்போ வேகமெடுக்கும்வரை வண்டி அசையாது. சாலையோர ஒர்க்‌ஷாப் ஒன்றில் பம்பின் பின்பக்கத்து ஃபுல்லோடு ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருகிவிட்டார்கள். ஐடிலிங் ஏறியது, பிக்கப் கூடின மாதிரி இருந்தது, பின்னால் வருகிறவர் புகையில் மறைந்தார். சித்தப்பாவுக்குப் பரம திருப்தி. டீசல் செலவை நோட்டில் எழுதிவந்த சித்திதான் முதலில் முகம் சுளித்தார்.

அப்படித்தான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தூசி பட்டால் பம்ப் போச்சு. கழற்றிய மைக்கோ பம்பைப் பெஞ்ச்சில் ஏற்றி மோட்டாரில் சுழற்றினால், அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்களில் ஒவ்வொரு நாசிலும் எவ்வளவு விடுகிறது என்று தெரியும். நான்கும் ஒரே மட்டத்தில் நிற்பது அழகான காட்சி. கடைப் பெரியவர் பம்பின் மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு ரப்பர் டயாப்ரம், கீழே கூம்புமாதிரி சாய்வாகக் கடைந்த தண்டு. டர்போவின் காற்று மேலிருந்து அழுத்தினால் தண்டு இறங்கும், பக்கத்து ஊசி அந்தச் சாய்வில் நகரும், டீசல் கூடும்.

"ஏனுங்க, எல்லாரும் எவ்வளவுன்னுதான் பாக்கறாங்க. எப்பன்னு யாரும் பாக்கறதில்லீங்க" என்றபடி டயாப்ரத்துக்கு அடியிலிருந்த ஸ்பிரிங்கின் பல் சக்கரத்தை ஸ்க்ரூடிரைவர் நுனியால் நகர்த்தினார். ஸ்பிரிங் இளகினால் டீசல் சீக்கிரம் கூடும்; இறுகினால் காற்றுக்காகக் காத்திருக்கும். பின்பக்க ஸ்க்ரூவையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். டர்போவின் அழுத்தத்துக்கு வரம்பு கட்டும் வேஸ்ட்கேட்டைத் தொடவில்லை. ஸ்க்ரூ திருகத் தெரிந்தவர்கள் நிறைய உண்டு. தொடாமல் விடத் தெரிந்தவர்கள் குறைவு.

வெளியேறும் புகைச்சூட்டில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனைச் சக்கரத்தால் காற்றை அமுக்கலாம் என்று ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஹி காப்புரிமை வாங்கியது 1905-இல். டீசல் காரில் அந்த டர்போ விற்பனைக்கு வந்தது 1978-இல், மெர்சிடிஸ் 300 எஸ்டியில். சித்தப்பாவிடம் இதைச் சொன்னால், "அவங்க ஊர்ல குன்னூர் ரோடு இருக்கா?" என்பார்.

மலை ரோடு அவர்கள் ஊரிலும் நிறையவே உண்டு. ஆனால் மலை என்று அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. கோவையில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 0.96 பார்; ஊட்டியில் 0.77. டயாப்ரத்தின் மறுபக்கம் வெளிக்காற்றுக்குத் திறந்தது, ஆகவே அதற்குத் தெரிவதெல்லாம் வித்தியாசம் மட்டுமே. டர்போ இரண்டிடத்திலும் 0.7 கொடுத்தால் அது அதே அளவுதான் இறங்கும், டீசலும் அதே அளவுதான். உள்ளே போகும் மொத்தக் காற்றோ 1.66-இலிருந்து 1.47 ஆகியிருக்கும். கோவையில் புகையில்லாமல் செட் பண்ணிய சஃபாரியும் தொட்டபெட்டாவில் லேசாக இருமியது அதனால்தான்.

இப்போதைய காமன் ரெயில் வண்டிகளில் திருக ஸ்க்ரூ இல்லை. காற்றை சென்சார் அளந்து சொல்ல, கம்ப்யூட்டர் அதற்குத் தக்கபடி டீசல் விடும். இழுவையைக் கூட்டச் சந்தையில் விற்கிற சில பெட்டிகள் ரெயில் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி அந்தக் கம்ப்யூட்டரை ஏமாற்றும். அது அழுத்தத்தை ஏற்றிவிடும். எனக்கு அந்தப் பெட்டிகள்மேல் மரியாதை இல்லை. காற்றையும் சேர்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரின் கணக்கையே மாற்றுகிற ரீமேப் வேறு.

சித்தப்பா மகனின் ஸ்விஃப்ட் டீசல் ஒருசமயம் இழுக்காமல் புகைத்தது. ரீமேப் செய்யலாம் என்று துடித்தான். போன இடத்தில் லேப்டாப்பைத் திறக்குமுன் இன்டர்கூலர் ஹோஸில் சோப்புத் தண்ணீர் தெளித்து உள்ளே காற்றடித்தார்கள். கிளாம்புக்குப் பின்னால் குமிழி கிளம்பியது. சென்சாரைத் தாண்டி வந்து அளக்கப்பட்ட காற்று எஞ்சினுக்குப் போகாமல் வழியிலேயே கசிந்திருக்கிறது. இல்லாத காற்றுக்குக் கம்ப்யூட்டர் டீசல் விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஹோஸை மாற்றியதும் ரீமேப் பேச்சு நின்றது. சித்தப்பா மட்டும் ஹோஸைக் கழற்றும்வரை அந்தப் புகையை ரசித்துக்கொண்டிருந்தார்.