கூத்தும் கொற்றமும்

தருமபுரி என்று இந்நாளில் வழங்கும் எம் நாட்டுப் பகுதியைப் பண்டையோர் தகடூர் என்றனர். அதியமான் நெடுமான் அஞ்சி அதனை ஆண்டனன். அவன்பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டிப் பெருமிதம் கொண்டான். ஔவையார் அவனைப் புகழ்ந்தார். நின் படைக்கலங்கள் மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மனையில் அழகாய் விளங்குகின்றன. எம் மன்னன் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அப்புகழ்ச்சியின் கருத்து. கேட்பதற்குப் புகழ், ஆராய்வார்க்கோ எச்சரிக்கை. வாளெடாத ஒரு முதியோள் பாட்டொன்றால் வேந்தனொருவனை நாணச் செய்தனள்.

புறநானூற்றில் இப்பாட்டை வகுப்பிற் படித்தபொழுது யான் பெருமகிழ்வு எய்தினேன். எம்மூர்ச் செய்தி என்பது ஒரு காரணம். கலைக்கு இத்துணை வன்மை உண்டோ என்னும் வியப்பு மற்றொரு காரணம். ஆயின், அவ்வன்மைக்கு ஒரு விலையுண்டு என்பதையும், அவ்விலையை யாரோ ஒருவர் கொடுத்தே தீரவேண்டும் என்பதையும் சென்ற கோடை விடுமுறையிலேதான் அறிந்தேன். அதனை எழுதவே இக்கட்டுரை எழுந்தது.

எம்மூர் பென்னாகரத்துப் பக்கத்துச் சிற்றூர். அங்குத் திரௌபதியம்மனுக்கு விழா எடுப்பர். பதினெட்டு நாள் பகலிற் பாரதக் கதை நடக்கும். பின்னாட்களின் இரவில் தெருக்கூத்து நிகழும். எங்கள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். என் தந்தையார் திருச்சபையில் மூப்பர். கூத்துக் களத்தின் பக்கம் செல்லலாகாது என்பது இளமை முதல் எனக்கிட்ட கட்டளை. எனினும், இராக் காலத்தில் மிருதங்க ஒலியும் முகவீணையின் இசையும் காற்றில் மிதந்து எம் வீட்டுத் திண்ணைக்கு வரும். என் பாட்டியார் கண்களை மூடிக்கொண்டு அவற்றைக் கேட்டிருப்பார். அவருடைய தந்தையார் ஞானஸ்நானம் பெறுதற்கு முன் கூத்தில் மிருதங்கம் வாசித்தவர் என்பது வீட்டில் மெல்லப் பேசப்படும் செய்தி.

இவ்வாண்டு யான் தந்தையாரிடம், “தமிழ் சிறப்பு வகுப்பு மாணவன் யான், நாடகத் தமிழ் எனக்குப் பாடம். பாடத்தைப் பார்க்க விடை கொடுங்கள், அப்பா” என்று வேண்டினேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “பார்ப்பதற்கு மட்டும் போ” என்றார். அச்சொல்லை யான் காத்திலேன்.

கூத்தின் அமைப்பை அறியாத நகர மாணவர்க்குச் சில சொற்கள் கூறுவேன். மேடையில்லை, தெருவே அரங்கு. இருவர் ஒரு திரையைப் பிடித்து நிற்க, அதன் பின்னின்று வேடக்காரர் பாடிக்கொண்டே தோன்றுவர். தலையிற் கிரீடமும் தோளிற் புஜக்கட்டையும் அணிந்த அரசன், தான் இன்னான் என்று விருத்தம் பாடுவான். அவ்வரசனுக்கும் மக்களுக்கும் நடுவே நிற்பவன் கட்டியக்காரன். அவனுக்குக் கிரீடமில்லை. அரசன் வருகையைக் கட்டியங் கூறுவதும், அரசன் பாடியதைப் பாமரர்க்கு விளங்கப் பேசுவதும், சிரிப்பு மூட்டுவதும் அவன் தொழில். அரசனைப் பார்த்து, “நீ யார்?” என்று கேட்கும் உரிமை அவன் ஒருவனுக்கே உண்டு. துரியோதனன் சபையில் நின்றுகொண்டே அவன் எம்மூர் நியாயவிலைக் கடையைப் பற்றிப் பேசுவான். ஒருவரும் அதனைப் பிழையெனக் கொள்ளார். பழங்கதையும் இன்றைய வாழ்வும் கூடுமிடம் அவன் நா.

தாவீது அரசனிடம் நாத்தான் தீர்க்கதரிசி சென்று, ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் கவர்ந்த கதையைச் சொன்னதும், கதையென்றே எண்ணி அரசன் சினந்ததும், அச்செல்வன் அவ்வரசனே என நாத்தான் காட்டியதும் நாம் ஞாயிறு பள்ளியிற் கேட்டவை. கட்டியக்காரனைக் கண்டபொழுது எனக்கு நாத்தானின் நினைவே வந்தது.

எம்மூர்க் கூத்தில் கட்டியக்காரராய் வருபவர் கூலி வேலை செய்து வாழ்பவர். எழுத்தறிவு சிறிதே உடையவர். பகலில் என்னைக் கண்டு, “தம்பி, நீ தமிழ் படிக்கிற பிள்ளை. நாளை இராத்திரி பகடை துகில். ஏரியைப் பற்றிச் சுருக்கென்று நாலு வார்த்தை எழுதிக்கொடு” என்றார். எம்மூர் ஏரியின் நீர்ப்பிடிப்பிற் பெரும்பகுதியை ஊர்ப் பெருந்தனக்காரர் ஒருவர் தம் தென்னந்தோப்பாக ஆக்கிக்கொண்டிருந்தார். ஊரார் அறிவர், எவரும் பேசுவதில்லை. யான் உவகையோடு எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் இரவு சூதாட்டம் தொடங்கிற்று. சகுனி பகடை உருட்டினான். தருமன் நாட்டை இழந்தான், நகரை இழந்தான், தம்பியரை இழந்தான். அப்பொழுது கட்டியக்காரர் முன்வந்து கைகட்டி நின்று, “மாமா சகுனி! நாட்டை வைத்து ஆடினார், தோற்றார், நகரை வைத்து ஆடினார், தோற்றார், ஞாயந்தான். எங்கள் ஊர் ஏரியை ஒருவரும் வைத்து ஆடவில்லையே. அது எப்படி மாமா தோற்றுப்போனது?” என்றார். ஒரு கணம் அமைதி. பின்னர் எழுந்த சிரிப்பொலியில் மிருதங்கம் கேட்கவில்லை. பெண்டிர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தனர். யான் எழுதிய சொற்கள் ஓர் ஊரையே அசைத்ததைக் கண்டு என் உள்ளம் பூரித்தது.

அவ்விரவின் கூத்துச் செலவை ஏற்றிருந்தவர் அப்பெருந்தனக்காரரே. அவர் அன்று ஒன்றும் பேசவில்லை. துகிலுரியும் காட்சியிற் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் பிழை பொறுக்க வேண்டிக்கொண்டு ஆடினர். திரௌபதி கூந்தலை விரித்துச் சபதம் செய்தாள். கிழக்கு வெளுத்தது. வேடம் கலைக்குமிடத்திற்கு அவர் வந்து, “ஏன்டா, அந்தப் பேச்சு உனக்குத் தானாக வந்ததா? எவன் எழுதிக் கொடுத்தான்?” என்று கட்டியக்காரரைக் கேட்டார். யான் நான்கடித் தொலைவில் நின்றேன். கட்டியக்காரர் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. “எவரும் எழுதவில்லைங்க. வேஷம் கட்டினவன் வாயில் வந்தது. குற்றம் என்னுடையதுங்க” என்றார். அவர் திரும்பி என்னை நோக்கி, “நீ மூப்பர் மகன் அல்லவா? உனக்கு இங்கே என்ன வேலை?” என்றார். “சும்மா பார்க்க வந்தேன், ஐயா” என்றேன்.

அப்பொழுது எங்கோ ஒரு கோழி கூவிற்று. வேதம் வாசிப்பவர்க்கு யான் மேலும் சொல்ல வேண்டுவதில்லை.

அவ்விரவிற்குரிய கூலி கூத்தாடிகட்குக் கிடைக்கவில்லை. கட்டியக்காரர்க்கு அவர் தோப்பில் இருந்த வேலையும் போயிற்று.

கல்லூரிக்கு மீண்டபின் யான் நூலகத்திற் புகுந்தேன். கலையை அரசியலுக்குப் படைக்கலமாக்கியவர் எவ்வாறு வாழ்ந்தனர் என்று தேடினேன். ஆறுதல் வேண்டியே தேடினேன், கிடைத்ததோ வேறு.

முதலிற் கண்டது எம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியே. சுப்பிரமணிய சிவா 1908ஆம் ஆண்டு வ. உ. சிதம்பரம் பிள்ளையோடு சிறைப்பட்டார். 1912இல் விடுதலை பெற்று வெளிவந்தபொழுது அவர் உடலிற் குட்டநோய் பற்றியிருந்தது. அந்நோயைக் காட்டி அவரைப் புகைவண்டியில் ஏறவிடாது தடுத்தனர் ஆட்சியாளர். அவர் நடந்தார்; மாட்டுவண்டியிற் சென்றார். 1913இல் ‘ஞானபானு’ என்னும் இதழைத் தொடங்கினார். சிவாஜியையும் தேசிங்கு ராஜனையும் நாடகப் பொருளாக்கினார். பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்துப் பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப முனைந்தார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயில் எழுமுன்னரே, 1925ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், அவ்வூரிலேயே சிவா உயிர் நீத்தார். சிறுவயதில் அவ்வழியே பேருந்திற் பலமுறை சென்றுள்ளேன். ஒருமுறையும் இறங்கிப் பார்த்ததில்லை.

அவர்தம் நண்பர் பாரதியார் பாஞ்சாலியின் சபதத்தைக் காவியமாக்கி, 1912இல் அதன் முதற்பாகத்தை வெளியிட்டார். சபையில் இழுத்துவரப்பட்ட பாஞ்சாலியில் அடிமைப்பட்ட தாய்நாட்டைக் காணும்படி தமிழர்க்குக் கண் திறந்தது அந்நூல். ஆங்கிலவரசு நாடகங்களைத் தடுக்க 1876இலேயே ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அச்சட்டக் காலத்தில் நாடகமேடையேறியவர் விசுவநாததாஸ். முருகனாய் வேடம் பூண்டு, வள்ளியின் தினைப்புனத்துப் பறவைகளைப் பாடும் பாட்டிலே, வெள்ளைக் கொக்கு என்று வெள்ளையர் ஆட்சியைச் சுட்டினார். அப்பாட்டை இயற்றியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். பாடிய குற்றத்திற்காகத் தாஸ் பன்முறை சிறை சென்றார். 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் சென்னையில் முருகனாய் மயில்மேல் அமர்ந்து பாடுங்கால் மேடையிலேயே அவர் ஆவி பிரிந்தது.

இனிக் கடல் கடந்து நோக்குவோம். ஈரான் எமக்கு அயல்நாடன்று. சூசான் அரமனையையும், கோரேசு மன்னனையும், தானியேலின் சிங்கக் கெபியையும் அறியாத கிறிஸ்தவச் சிறுவன் உளனோ? அந்நாட்டுப் பெருங்கவிஞர் பிர்தௌசி 1010ஆம் ஆண்டளவில் முடித்த ‘ஷாநாமா’வில் காவே என்றொரு கொல்லன் வருகின்றான். தோள்களிற் பாம்பு முளைத்த கொடுங்கோலன் அவன் மக்களைக் கொன்றான். கொல்லன் தன் தோல் முன்றானையை ஈட்டியிற் கட்டிக் கொடியாக உயர்த்தினான். மக்கள் அதன்பின் திரண்டனர். தகடூர்க் கொல்லன் பட்டறையும் பாரசீகக் கொல்லன் பட்டறையும் என் நினைவில் ஒன்றாயின.

நம் தெருக்கூத்தையொத்த கூத்து அந்நாட்டிலும் உண்டு. ‘தாசியே’ என்பது அதன் பெயர். கி.பி. 680இல் கர்பலாவில் இமாம் உசேன் கொலையுண்ட துயரத்தை ஊர்தோறும் ஆடிக் காட்டுவர், கண்டோர் கதறியழுவர். அவ்வழுகையில் அரசியல் உண்டு என்பதை ஆட்சியாளர் அறிந்திருந்தனர். மன்னன் ரேசா ஷா 1930களில் அதனைத் தடுத்தான். கதையில் வரும் கொடியோன் யாசித் பழங்காலத்தவனே. ஆயினும் ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து யாசிதை அவ்வேடத்திற் கண்டுகொண்டது. 1977ஆம் ஆண்டு அக்டோபரில் தெகிரானில் ஜெர்மானியப் பண்பாட்டு நிலையத்தில் எழுத்தாளர் கூடிப் பத்து இரவுகள் கவிதை படித்தனர். பல்லாயிரவர் மழையிலும் அமர்ந்து கேட்டனர். ஈராண்டிற்குள் ஷாவின் முடியாட்சி வீழ்ந்தது.

ஆட்சி மாறிற்று, அடக்குமுறை மாறிற்றிலது. ஜஃபர் பனாஹி என்னும் திரைப்பட இயக்குநர்க்கு 2010இல் இருபதாண்டுகள் படம் எடுக்கலாகாது என்று தண்டனை விதித்தனர். அவர் தம் வீட்டினுள்ளேயே இருந்து படமெடுத்து 2011இல் அயல்நாட்டிற்கு அனுப்பினார். 2025இல் கான் விழாவின் முதற் பரிசு அவரை அடைந்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில், தலைத்துணி ஒழுங்காக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட மாசா அமினி என்னும் இளம்பெண் காவலில் இருந்தபொழுது இறந்தாள். மகளிர் தெருவில் வந்து தம் கூந்தலை அரிந்தனர். அஃது அவர் நாட்டுப் பழமரபு. ‘ஷாநாமா’விலும் கணவனை இழந்த பரங்கிஸ் தன் கூந்தலை அரிந்தனள். அக்கிளர்ச்சிக்குப் பாட்டமைத்த இளைஞர் ஷெர்வின் ஹாஜிபூர் சிறைப்பட்டார். உலகமோ அப்பாட்டிற்கு 2023இல் கிராமி விருது அளித்தது.

இதனைப் படித்தபொழுது எம்மூர் விழாவின் இறுதிக் காலை என் கண்முன் நின்றது. களத்தில் மண்ணாற் செய்த துரியோதனன் பேருருவாய்க் கிடப்பான். அவன் தொடையினின்று செந்நீர் எடுத்துத் திரௌபதியின் விரிந்த கூந்தலை முடிப்பர். கண்ணகியும் தலைவிரி கோலத்துடனேயே பாண்டியன் அவை புகுந்தாள். மகளிர் கூந்தல் அவிழ்ந்தாலும் அரிந்தாலும், அரியணைக்குப் பொருள் விளங்கிவிடுகின்றது.

இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்குமிடத்து எனக்கொன்று புலனாயிற்று. அடக்குமுறைக் காலத்தில் கலை மறைந்து பேசும். கொக்கு என்னும், சகுனி என்னும், யாசித் என்னும். அம்மறைவு கோழைத்தனம் அன்று. உண்மை ஊருள் நுழைதற்குத் தக்க வாயில் அஃது. ஆயின், சொல்லை மறைக்கலாம். சொன்னவன் மறைதல் வேறு. ஔவை தொண்டைமான் முன்னிலையிலேயே நின்றார். தாஸ் சிறைக்கு வேறொருவரை அனுப்பிலர். சிவா நோயுடலோடு தாமே நடந்தார். பெரும்படிப்பில்லாக் கட்டியக்காரர், தாம் எழுதாத சொல்லுக்குத் தம் கூலியைக் கொடுத்தார். எழுதிய யானோ, பார்க்க வந்தவன் ஆனேன்.

சூசான் அரமனையில் எஸ்தர் அரசியாய் இருந்தாள். அழையாது அரசன் முன் சென்றார்க்கு மரணம் விதி. அவளுடைய உறவினனான மொர்தெகாய், இக்காலத்தில் நீ மௌனமாய் இருந்தால் விடுதலை வேறிடத்திலிருந்து வரும், நீயோ அழிவாய் என்னும் பொருள்பட ஆளனுப்பினான். யான் அந்த அதிகாரத்தைப் பன்முறை வாசித்தேன். ஊர்க்கு ஏரி கிடைக்கவேண்டின் அது என்னாலன்றியும் கிடைக்கும். அதன்பின் யான் யார் என்பதே வினா.

ஆதலின் இப்பக்கத்தில் ஒன்று கூறுகின்றேன். அவ்விரவிற் கட்டியக்காரர் பேசிய அச்சொற்களை எழுதியவன் யானே. இவ்விதழ் வெளிவந்ததும் ஒரு படியை எடுத்துக்கொண்டு ஊருக்குச் செல்வேன். முதலில் என் தந்தையாரிடம் வாசித்துக் காட்டுவேன். அவர் என் செய்வாரோ அறியேன். பின்னர்க் கட்டியக்காரர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர்க்கு வாசித்துக் காட்டிப் பிழை பொறுக்க வேண்டுவேன். அதன்பின் அத்தோப்பு வீட்டிற்கும் செல்லல் வேண்டும். அவ்வழி நெடியதன்று, ஏரிக்கரை வழியே அரை மைலே உண்டு.