சிறைக்கதவைத் திறந்த அல்லேலூயா



வேதாகமக் கல்லூரியில் நான் பயின்ற நாட்களில், கிறிஸ்துமஸ் ஆராதனைக்காகப் பாடகர் குழுவினர் ஹேண்டலின் அல்லேலூயா கோரஸைப் பல வாரங்கள் பயிற்சி செய்வார்கள். நானோ அதில் சேரவில்லை. தாளில் எழுதிய சுரங்களைப் பார்த்துப் பாடுவதில் ஆவியானவருக்கு இடமேது என்று வாலிப வைராக்கியத்தில் கேட்டேன். அதற்காக இன்று வெட்கப்படுகிறேன்.

அது ‘மேசியா’ என்னும் பெரிய இசைப்படைப்பின் இரண்டாம் பாகத்தை முடித்து வைக்கும் பாடல். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஹேண்டல், 1741-ம் ஆண்டு ஏறக்குறைய 24 நாட்களில் ‘மேசியா’வை எழுதி முடித்தார். வார்த்தைகள் அவருடையவை அல்ல. சார்லஸ் ஜென்னன்ஸ் என்பவர் தொகுத்துக் கொடுத்த வேத வசனங்கள். அல்லேலூயா கோரஸுக்குரியவை வெளிப்படுத்தின விசேஷம் 11, 19-ம் அதிகாரங்களில் உள்ளன.

1742-ம் ஆண்டு ஏப்ரல் 13-ம் தேதி, உயிர்த்தெழுதல் பண்டிகைக்குச் சில நாட்களுக்கு முன், அயர்லாந்தின் டப்ளின் நகரில் அது முதன்முதலாக அரங்கேறியது. அரங்கில் அதிகம் பேர் அமரும்படி, பெண்கள் வளையம் வைத்த பாவாடையையும் ஆண்கள் வாளையும் தவிர்த்து வரக் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். கிடைத்த பணம் இரண்டு மருத்துவமனைகளுக்கும், கடனுக்காகச் சிறைப்பட்டோருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கடன் தீர்க்கப்பட்டு 142 பேர் விடுதலையானார்கள்.

மறு ஆண்டு லண்டனில், நாடக அரங்கில் வேதவசனத்தைப் பாடலாமா என்று சிலர் குறைகூறினார்கள். ஆனால் 1750 முதல் கைவிடப்பட்ட குழந்தைகளின் காப்பகத்துக்காக அது ஆண்டுதோறும் பாடப்பட்டது. பார்வையிழந்த ஹேண்டல் 1759-ல் மரித்தபோது, அதன் பிரதி ஒன்றை அக்காப்பகத்துக்கே உயில் எழுதி வைத்திருந்தார்.

இதை நான் வாசித்த வாரத்தில், வேலை தேடி மும்பைக்கு வந்த எங்கள் சபைச் சகோதரர் ஒருவர் இரண்டு மாதமாக ஆராதனைக்கு வராதிருந்தார். வட்டிக்கடன் அவரை வெட்கத்தில் அடைத்திருந்தது. “ஏன் வரவில்லை?” என்று இருமுறை தொலைபேசியில் கடிந்துகொண்டேனேயன்றி, “என்ன பாரம்?” என்று ஒருமுறையும் கேட்கவில்லை. அந்த 142 பேரும் என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்றேன். புதிய ஒலிபெருக்கிக்கென்று சேர்த்த காணிக்கையைச் சபையார் மனமுவந்து அவர் கடனுக்குக் கொடுத்தார்கள். கடன் முழுவதும் தீரவில்லை. ஆனாலும் அந்தக் கிறிஸ்துமஸில் அவர் கடைசி வரிசையில் நின்று பாடினார். பழைய ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது.

அன்பானவர்களே, 280 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த இசை மங்கவில்லை. இனிமை மட்டுமே காரணமென்று நான் எண்ணவில்லை; அதன் முதல் ஓசையிலேயே சிறைக்கதவுகள் திறந்தன. நாம் உரத்துப் பாடும் அல்லேலூயா யாருடைய கதவைத் திறக்கிறது? கர்த்தர்தாமே நம் கண்களைத் திறப்பாராக. ஆமென்.