11 மாத வாசல்

மும்பையின் கிழக்குப் புறநகரான செம்பூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் முதலில் சந்திப்பது வாசல் காவலாளியின் நோட்டுப் புத்தகத்தை. பெயர், போன் நம்பர், எந்த விங், எத்தனையாவது மாடி, என்ன காரியம் என்று எல்லாக் கட்டங்களையும் நிரப்ப வேண்டும். பிறகு இன்டர்காமில் மேலே கேட்டு, சம்மதம் வந்தால்தான் கேட் திறக்கும். பல கட்டடங்களில் இப்போது நோட்டுக்குப் பதில் செல்போன் செயலி. கேள்விகள் மட்டும் மாறவில்லை.

தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி இது. சேடா நகர் முருகன் கோயில் இன்றும் அவர்களை ஒன்றுகூட்டுகிறது. ஆனால் தென்மும்பையை நெருக்கமாக்கிய ஈஸ்டர்ன் ஃப்ரீவே 2013இலும், சாந்தாகுரூஸ் இணைப்புச் சாலை 2014இலும் வந்தபின் நிலத்தின் மவுசு கூடியது. பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் இடிந்து, கோபுரங்கள் எழுந்தன. ராஜ் கபூர் 1948இல் நிறுவிய ஆர்.கே. ஸ்டூடியோவின் நிலத்தைக்கூட 2019இல் ஒரு கட்டுமான நிறுவனம் வாங்கிவிட்டது.

வீட்டு உரிமையாளர் சரி என்றால் போதுமா? போதாது. ஹவுசிங் சொசைட்டி கமிட்டியும் தலையசைக்க வேண்டும். கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டில் எத்தனை பேர், அசைவம் உண்டா என்று கேள்விகள் நீளும். போலீசுக்கு விவரம் கொடுத்த ரசீதும் வேண்டும். புரோக்கருக்குப் பெரும்பாலும் ஒரு மாத வாடகை.

ஒப்பந்தம் வழக்கமாக 11 மாதம். இதற்குப் பின்னால் ஒரு பழைய பயம் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை உறையவைத்தது. குடியேறியவரைக் கிளப்புவது குதிரைக்கொம்பு. எனவே உரிமையாளர்கள் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்ற வழியைப் பிடித்தார்கள். வருகிறவர் குடித்தனக்காரர் அல்ல, அனுமதி பெற்றுத் தங்குபவர் மட்டுமே. 1973இல் வந்த திருத்தம், அவ்வாண்டு பிப்ரவரி 1ஆம் தேதி அப்படித் தங்கியிருந்தவர்களையும் குடித்தனக்காரர்களாக்கியபோது உரிமையாளர்கள் அரண்டுபோனார்கள். 2000இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அவர்களுக்குத் தெம்பளித்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும். கெடு முடிந்தும் காலி செய்யாதவர் இரண்டு மடங்கு கட்ட வேண்டும்.

தனியாக வாழும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் இந்தக் கெடுபிடி நிம்மதி தருகிறது என்பதை மறுக்க முடியாது. நள்ளிரவில் வேலை முடித்துத் திரும்புகிறவருக்கு விழித்திருக்கும் காவலாளி பெரிய துணை. ஆனால் திருடனைத் தடுக்கும் அதே கேட், பிடிக்காத பெயரையும் தடுக்கிறது. "வீடு போய்விட்டது" என்ற பதிலில் சாதியும் மதமும் சமையலறை வாசனையும் மறைந்துகொள்ளும். குறிப்பிட்ட சமூகத்தினருக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று ஒரு கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என்று, அகமதாபாத் பார்சி சங்கம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றமே 2005இல் சொன்னது.

பத்தாவது மாதம் புரோக்கரின் போன் வரும்: வாடகை கூடும், சம்மதமா? குழந்தையின் பள்ளி பக்கத்தில் இருப்பதால் பெரும்பாலும் சம்மதம்தான். காவலாளி இப்போது பெயர் சொல்லி வணக்கம் வைக்கிறார். கீழ்த்தளப் பெயர்ப் பலகையில் மட்டும் இன்னும் உரிமையாளரின் பெயர்.