கோடு நகர்ந்த ஹாரோவில் ஒரு வாக்குநாள்

2022 மே 5, வியாழக்கிழமை. லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ஹாரோ. அங்கே வீல்ட்ஸ்டோன் பகுதியில் ஒரு வாக்குச்சாவடி வாசலில் நிற்கிறேன். தோரணம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. கட்சி நிறத்தில் ரிப்பன் பூ குத்திய இருவர், வாக்களித்து வருகிறவர்களிடம் வாக்காளர் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள், ஒரே பிஸ்கட் பொட்டலத்தைப் பங்கிட்டுத் தின்கிறார்கள்.

"தம்பி, போன முறை மூண்டு பேருக்குப் போட்டனாங்கள். இந்த முறை எத்தினை?" என்று கேட்டார் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர்.

"சீட்டின் மேலேயே எழுதியிருக்கும், அம்மா" என்றேன்.

கேள்வி நியாயமானது. 2002 முதல் ஹாரோவில் 21 வார்டுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று கவுன்சிலர்கள், ஆக 63 பேர். இந்தத் தேர்தலில் வார்டு ஒன்று கூடி 22 ஆனது; கவுன்சிலர்களோ 55 ஆகக் குறைந்தார்கள். பாதி வார்டுகளுக்கு மூவர், பாதிக்கு இருவர். வீல்ட்ஸ்டோன் வடக்கு, தெற்கு என்று இரண்டாகிவிட்டது. குவீன்ஸ்பரி என்ற வார்டுப் பெயர் ஹாரோவில் மறைந்தது. பக்கத்து பிரென்ட் கவுன்சிலில் அதே பெயரில் இன்னொரு வார்டு இருப்பதால் குழப்பம் ஒன்று குறைந்தது என்றும் சொல்லலாம்.

ஏன் இந்த மாற்றம்? கொஞ்ச தூரம் நடந்தால் தெரிகிறது. 1891இல் கோடக் தொழிற்சாலை தொடங்கி, 2016இல் மூடிய இடத்தில் அடுக்குமாடிகள் எழுகின்றன. ஒரு பக்கம் ஆள் பெருகினால், அங்குள்ள ஒரு வாக்கின் எடை குறையும். அதைச் சரிசெய்ய எல்லை ஆணையம் கோடுகளைத் திருத்துகிறது. எந்தத் தெரு எந்தக் கட்சிக்கு வாக்களிக்கிறது என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. ஆளுங்கட்சியே கோடு போடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் ஒரே கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் இரண்டு வார்டுக்காரர்கள் ஆவதை எந்தச் சராசரியும் ஈடுகட்டாது.

ரிப்பன்காரர்களில் ஒருவர் சலித்துக்கொண்டார்: வீடு வீடாகச் சேர்த்த பழைய பட்டியலைத் தெருத் தெருவாகப் பிரித்து அடுக்க வேண்டியதாயிற்றாம்.

தமிழர்களுக்கு இந்தக் கவுன்சில் புதிதல்ல. 2013இல் இதன் தலைவராக இருந்தவர் தயா இடைக்காடர். பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமலே, முறையாக இங்கே வசிக்கும் இலங்கை, இந்தியக் குடிமக்களும் காமன்வெல்த் நாட்டவர் என்பதால் வாக்களிக்கலாம். அடையாள அட்டையை யாரும் கேட்கவில்லை. புகைப்பட அட்டையைக் கட்டாயமாக்கும் சட்டம் ஒரு வாரம் முன்புதான் நிறைவேறியிருந்தது, நடைமுறைக்கு வந்தது அடுத்த ஆண்டு.

அந்த அம்மா வெளியே வந்தார். "பென்சிலாலதான் போட்டது. அழிச்சுப்போட மாட்டினமோ?"

மாட்டார்கள் என்றேன். பேனா கொண்டுபோனாலும் தடையில்லை.

முடிவு வந்தபோது லண்டன் ஒரு பக்கம், ஹாரோ ஒரு பக்கம். வெஸ்ட்மின்ஸ்டர், வான்ட்ஸ்வொர்த், பார்னெட் மூன்றையும் லேபர் பிடித்தது; ஹாரோவைக் கன்சர்வேட்டிவ் பிடித்தது, 31க்கு 24. 2018இல் லேபர் 35, கன்சர்வேட்டிவ் 28. லேபர் இழந்தது 11 இடம், எதிர்க்கட்சி கூடுதலாகப் பெற்றது 3 மட்டுமே. மீதி 8 யார் கைக்கும் போகவில்லை. வாக்குச்சீட்டு அச்சாகும் முன்பே வரைபடத்தில் கழிந்துவிட்டவை.