கை நனைக்கும் வீடு

கிறிஸ்து பிறப்பு விழாவும் உயிர்ப்பு விழாவும் வந்துவிட்டால் நம் இல்லத்தரசிகள் படும் பாடு சொல்லி முடியாது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பி, அரைகுறை உறக்கத்தோடு எழுந்து, பகல் விருந்துக்கு ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் ஆக்கி, வந்தவர்க்கெல்லாம் இலை போட்டு ஓய்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. அந்த மாலை வேளையில் இன்னும் இரு விருந்தினர் வாயிற்படியில் வந்து நின்றால் என் செய்வது? அத்தகைய நேரத்துக்கு உதவும் ஓர் உணவைப் பற்றியும், அதை உண்டபோது எழுந்த ஒரு கேள்வியைப் பற்றியும் இம்மாதம் எழுத எண்ணினோம். குருவானவருக்கு அடுப்பங்கரையில் என்ன வேலை என்று எவரும் நகைக்க வேண்டா. பங்கு இல்லத்துச் சமையற்காரர் திருநாளுக்குத் தம் ஊர் சென்றுவிட்டால் சட்டியைப் பிடிக்க வேண்டியவர் பங்குக் குருவேயாவார்.

நாம் சொல்ல வந்தது ‘ஹாம்’ என்று வழங்கும் பன்றித் தொடை இறைச்சி. பன்றியின் பின்னந்தொடையை உப்பிலும், சில இடங்களில் உப்போடு சர்க்கரை சேர்த்தும் ஊறவைத்துப் பக்குவம் செய்வர். பின்னர்ப் புகையூட்டுவதும் வேகவைப்பதும் உண்டு. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் இறைச்சியைப் பல மாதம் கெடாமல் காக்க மேலை நாட்டார் கண்ட வழி இது. நம் நாட்டில் கருவாடும் உப்புக்கண்டமும் எதற்கோ, அதற்கே அதுவும். உப்பு இறைச்சியின் நீரை இழுத்துவிடுகிறது. நீர் குறைந்த இடத்தில் அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகுவதில்லை. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் கிறிஸ்மஸ் மேசையிலும், கொழும்பு நகரத்துக் கிறிஸ்தவ இல்லங்கள் பலவற்றிலும் இதற்கு நெடுங்காலமாக இடம் உண்டு. இன்று நம் நகரங்களிலும் குளிர்பதன இறைச்சிக் கடைகளில் துண்டாக அரிந்து விற்கிறார்கள்.

சென்ற டிசம்பர் 26ஆம் நாள், புனித முடியப்பர் திருநாளன்று, பெங்களூரில் பணிபுரியும் நம் அக்காள் மகன் அத்தகைய இறைச்சியில் இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தான். சமையற்காரர் ஊரில் இல்லை. உபதேசியாரும் பீடச் சிறுவர் இருவரும் குடிலில் எரியாமற்போன விளக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்தனர். அவர்களுக்கும் சேர்த்து நாமே அடுப்பை மூட்டினோம். கால் மணி நேரத்தில் உணவு மேசைக்கு வந்துவிட்டது.

செய்முறை எளிது. அரை அங்குலக் கனமுள்ள துண்டுகளாக அறுநூறு கிராம் இருந்தால் நால்வருக்குப் போதும். துண்டின் மேலுள்ள ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட வேண்டும். ஈரம் இருந்தால் கறி சிவக்காது. ஓரத்துக் கொழுப்பில் நான்கைந்து இடங்களில் கத்தியால் கீறிவிட வேண்டும். இல்லையேல் சூடு பட்டதும் துண்டு கிண்ணம்போல் வளைந்துகொள்ளும். அடி கனத்த இருப்புச்சட்டியில் ஒரு தேக்கரண்டி வெண்ணெய் இட்டு, நடுத்தரத் தீயில் பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு நிமிடம் சிவக்க விட்டு எடுத்துத் தட்டில் வைக்கலாம். வேகவைத்து விற்கப்படும் இறைச்சியாதலால் சூடேறிச் சிவந்தால் போதும். வேகாததென்று உறையில் கண்டிருந்தால் அதனை உள்ளும் புறமும் முற்ற வேகவைத்தே உண்ண வேண்டும்.

இனி இனிப்புப் பாகு. மேலை நாட்டார் பழுப்புச் சர்க்கரை, தேன், அன்னாசிச் சாறு இவற்றைக் கொண்டு இதனைச் செய்வர். நமக்கு இராமநாதபுரத்துச் சீமையின் கருப்பட்டி இருக்க வேறெதற்கு? இரண்டு மேசைக்கரண்டி பொடித்த கருப்பட்டியைக் கால் டம்ளர் வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, தீயைக் குறைத்து அதே சட்டியில் ஊற்ற வேண்டும். சட்டியின் அடியில் ஒட்டிய கறிச்சாற்றை மரக்கரண்டியால் சுரண்டிவிட வேண்டும். சுவையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அரைத்த கடுகு ஒரு தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டி, இடித்த மிளகு சிறிது சேர்த்தால் உப்பு, இனிப்பு, புளிப்பு, காரம் நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் பாகு தேன்போல் இறுகும். கம்பிப்பதம் வரை விட்டால் கருகிக் கசந்துவிடும். துண்டுகளை மீண்டும் இட்டு இருபுறமும் புரட்டி இறக்கிவிடலாம். பாகில் உப்பு இடக் கூடாது. இறைச்சியிலுள்ள உப்பே மிகுதி. அவித்த உருளைக்கிழங்கு இதற்கு ஏற்ற துணை. நம் பீடச் சிறுவர்களோ காலையில் மிஞ்சிய இட்லியைப் பாகில் தொட்டே தீர்த்துவிட்டனர்.

ஓர் எச்சரிக்கையும் கூறிவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இவ்வாறு பதப்படுத்திய இறைச்சிகளைப் புற்றுநோய் விளைவிப்பனவற்றின் பட்டியலில் 2015ஆம் ஆண்டில் சேர்த்தது. இரத்த அழுத்தமுள்ளோர்க்கு இதன் உப்பும் ஆகாது. எனவே திருநாளுக்கு ஒருமுறை என்பதே முறை. வாரந்தோறும் உண்ணத் தக்கதன்று.

உண்டுகொண்டிருக்கையில் உபதேசியார் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “சாமி, ருசியாத்தான் இருக்கு. ஆனா இதுவே நம்ம ஊர்ப் பன்னிக்கறின்னா இந்த மேசைக்கு வந்திருக்குமா?”

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. அவர் பிறந்த தெரு எது, அத்தெருவுக்கு ஊரார் இட்டிருந்த பெயர் என்ன என்பதை நாம் அறிவோம். கேட்டவுடன் பழைய நிகழ்ச்சி ஒன்று நம் நினைவுக்கு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், மதுரைக்குத் தெற்கே மழையை நம்பிய கரிசல் நிலத்தில் ஒரு கிளைக் கிராமம் நம் பொறுப்பில் இருந்தது. திருவிழாத் திருப்பலி முடிந்ததும் கடைசித் தெருவிலிருந்து ஒரு தாய் வந்து, தம் வீட்டில் உணவருந்த வேண்டுமென்று அழைத்தார். பன்றி வளர்த்து அந்த வருவாயில் மகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர் அவர். நாம் புறப்படுகையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, “சாமி, அந்தத் தெருவிலே நீங்க கை நனைச்சா, மத்த வீட்டிலே உங்களை எப்படிக் கூப்பிடுறது?” என்றார். அவர் நல்லவர், கோவிலுக்கு உழைத்தவர், நாள்தோறும் செபமாலை சொல்பவர். நாம் அவருக்கு வணக்கம் கூறிவிட்டுக் கடைசித் தெருவுக்குச் சென்றோம். சின்ன வெங்காயமும் மிளகும் தேங்காய்ச் சில்லும் இட்டு வதக்கிய கறி, சுடுசோறு, புது இலை. பரிமாறிக்கொண்டே அத்தாய் சொன்னது ஒன்றுதான்: “எம் மக கூடப் படிக்கிற பிள்ளைக வீடு வரைக்கும் வருதுக, சாமி. திண்ணையிலே உக்காந்து பேசுதுக. தண்ணி மட்டும் குடிக்காதுக.” அவர் குரலில் கோபம் இல்லை. மகள் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே பெரியவரை ஓராண்டு கழித்து மதுரை நகரில் ஒரு திருமண விருந்தில் கண்டோம். ஹாம் என்று பெயர் எழுதி வைத்திருந்த தட்டிலிருந்து இரண்டு முறை வாங்கி உண்டார். விருந்து முடிந்த பின் தனிமையில் அவரிடம், “ஐயா, இதுவும் அதுவும் ஒன்றுதானே?” என்று கேட்டோம். அவர் சற்றே தயங்கி, “அது வேற, சாமி” என்றார்.

எது வேறு? விலங்கு ஒன்றே. ஒன்றில் உப்பும் புகையும் ஆங்கிலப் பெயரும் சேர்ந்தன. மற்றொன்றில் மிளகும் வெங்காயமும் சேர்ந்தன. துப்புரவு கருதியே விலகுகிறோம் என்பார்க்கும் விடை உண்டு. சரியாக வேகாத பன்றி இறைச்சியால் குடலில் நாடாப்புழு உண்டாகும் என்பது மெய். நன்கு வேகவைத்தால் அவ்வச்சம் இல்லை. மூளையைத் தாக்கி வலிப்பு உண்டாக்கும் நோயோ, அப்புழுவுள்ள மனிதரின் மலத்திலிருந்து முட்டைகள் காய்கறியிலும் நீரிலும் கலந்து வருவது. பன்றிக் கறியைத் தொடாதவரையும் அது பற்றும். அதற்கு மருந்து கழிப்பறையும் கை கழுவுதலுமேயன்றிக் கடைசித் தெருவை விலக்குவதன்று.

பன்றி நம் முன்னோர்க்கு இழிந்த விலங்கும் அன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, குழியில் நிறுத்திக் கொழுக்க வளர்த்த ஆண்பன்றியின் ஊனைப் பாணர்க்கு விருந்தாகக் கூறுகிறது. வேடராகிய கண்ணப்பர் காளத்தியில் காட்டுப்பன்றியின் இறைச்சியைச் சுவைத்துப் பார்த்துத் தம் இறைவனுக்குப் படைத்ததைப் பெரியபுராணம் போற்றுகிறது. நம் மதுரையின் திருவிளையாடற் புராணமோ, தாயை இழந்த பன்னிரு பன்றிக்குட்டிகளுக்குச் சிவபெருமான் தாய்ப்பன்றியாக வந்து பாலூட்டினார் என்று கூறுகிறது. ஆகவே வெறுக்கப்படுவது விலங்கன்று, அதை வளர்ப்பவரே. ‘அது வேற’ என்ற சொல்லில் ஒளிந்திருப்பது சாதி. அதற்கு வேறு பெயர் இட்டு மறைப்பதில் பயனில்லை.

யோப்பா நகரில் மொட்டை மாடியில் பசியோடு செபித்துக்கொண்டிருந்த இராயப்பர் கண்ட காட்சியை வாசகர் அறிவர். விலங்குகள் நிறைந்த விரிப்பு ஒன்று மும்முறை இறங்கிற்று. தூய்மையற்றதென்று தள்ளாதே என்று குரல் கேட்டது. ஆனால் அக்காட்சியின் பொருள் கறியைப் பற்றியதன்று என்பதை அவர் செசரியாவில் கொர்நேலியுவின் வீட்டு வாயிலை மிதித்தபோதே உணர்ந்தார். எருசலேமுக்குத் திரும்பியதும் அவர்மேல் வந்த குற்றச்சாட்டு யாது? அவர்கள் வீட்டுக்குச் சென்று அவர்களோடு உண்டீரே என்பதுதான். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், அங்கே கை நனைத்தீரே என்பதுதான்.

உண்ணாதிருப்பதும் சில வேளை அன்பாகலாம். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, இந்நாட்டுச் சான்றோர் தம் சொல்லைக் கேட்க வேண்டுமென்று இறைச்சியை அறவே விட்டு, நாளுக்கு ஒருவேளை மரக்கறி உணவோடு வாழ்ந்தார். அக்காலச் சாதி முறையோடு அவர் செய்துகொண்ட உடன்பாட்டை வரலாற்றாசிரியர் பலவாறு மதிப்பிடுவர். ஆயினும் அந்த நோன்பு பிறர்பொருட்டு ஏற்றதென்பதில் ஐயமில்லை. சின்னப்பரும், தம் உணவு சகோதரனுக்கு இடறலாகுமானால் இறைச்சியே உண்பதில்லை என்று எழுதினார். நம் பந்தியில் இசுலாமிய அன்பர் இருந்தால் பன்றி இறைச்சி அங்கு வேண்டா. மரக்கறி உண்ணும் குடும்பத்தாரின் வீட்டில் வாடகைக்கு இருப்போர் அவர் மனம் நோகாமல் நடப்பது முறை. பிறரை மதித்து விடுவது வேறு, பிறரை இகழ்ந்து விடுவது வேறு. முன்னதில் தட்டிலிருந்து ஒரு கறி நீங்குகிறது. பின்னதில் பந்தியிலிருந்து ஒரு மனிதர் நீங்குகிறார்.

வருகிற திருநாளில் நாம் சொன்னபடி சமைத்துப் பாருங்கள்; கருப்பட்டிப் பாகு உங்களை ஏமாற்றாது. ஆனால் அன்பியக் கூட்டங்கள் எந்தெந்த வீடுகளில் நடைபெறுகின்றன, எந்த வீடுகளில் ஒருநாளும் நடைபெறவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். நடைபெறாத வீட்டுக்கு நீங்களே செல்லுங்கள். பன்றிக் கறி ஒத்துக்கொள்ளாதவர் அதைச் சொல்லிவிட்டுக் காப்பி அருந்தலாம். காப்பியும் வேண்டாதவர் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கலாம். திண்ணையில் அன்று, வீட்டுக்குள் உட்கார்ந்து, அந்தத் தாயும் மகளும் காணக் குடியுங்கள்.