டிராகன் எங்கள் உடன்பிறப்பு! - கொமோடோ தீவுக்கு ஒரு பயணம்

காலை வெயில் சுள்ளென்று ஏறுவதற்குள் சொகுசுக் கப்பல் விரிகுடாவில் நங்கூரம் போட்டுவிடும். அங்கிருந்து சிறு படகில் ஏறினால் லோ லியாங் கரை. எதிரே காய்ந்த புல் மூடிய குன்றுகள். ஆங்காங்கே பனைமரங்கள், ஆம், நம் ஊர்ப் பனையேதான். இதுதான் இந்தோனேசியாவின் கொமோடோ தீவு.

உலகின் மிகப் பெரிய பல்லியான கொமோடோ டிராகன், இங்கும் ரிஞ்சா, ஃபுளோரஸ் உள்ளிட்ட அருகிலுள்ள சில தீவுகளிலும் மட்டுமே காட்டில் வாழ்கிறது. சுமார் 3 மீட்டர் நீளம், 70 கிலோ எடை. பார்க்க முதலை மாதிரி இருந்தாலும் இது நம் ஊர் உடும்பின் நெருங்கிய சொந்தம்!

வரிசையாக நடங்க!

கரை இறங்கியதும் வனக் காவலர் வந்துவிடுவார். கையில் துப்பாக்கி இருக்காது. நுனி கவட்டையாகப் பிரிந்த நீளமான கம்பு மட்டும்தான். டிராகன் நெருங்கினால் அதன் கழுத்தில் வைத்துத் தள்ளுவதற்கு. கூட்டத்தை விட்டு விலகக் கூடாது, ஓடக் கூடாது. ரத்தக் காயம் இருந்தாலோ மாதவிடாய் நாளாக இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காரணம், டிராகனின் நாக்கு. பிளவுபட்ட அந்த நாக்கை நீட்டி நீட்டியே, பல கிலோமீட்டர் தூரத்தில் கிடக்கும் செத்த விலங்கின் வாடையைக்கூட அது பிடித்துவிடும்.

தண்ணீர்க் குட்டை அருகே மரநிழலில் அசையாமல் படுத்திருக்கும். 'இதுக்கா இவ்வளவு பில்டப்?' என்று தோன்றும். ஏமாந்துவிடாதீர்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பாயக்கூடியது. கடியில் விஷமும் உண்டு. மான், காட்டுப்பன்றி, எருமை எல்லாம் இதற்கு இரை. குட்டிகளோ மரத்திலேயே வாழும். இறங்கினால் பெரிய டிராகன்களே தின்றுவிடுமே!

அக்கா, தம்பி கதை

பெரும்பாலான பயணிகள் இரண்டு மணி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். ஆனால், அதே விரிகுடாவில் ஒரு கிராமம் இருக்கிறது. கால் நட்டு உயர்த்திக் கட்டிய வீடுகள், மீன்பிடிப் படகுகள். அங்கு வாழும் மக்கள் டிராகனை 'ஓரா' என்கிறார்கள்.

நாக இளவரசி ஒருத்திக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஒன்று மனிதப் பையன், மற்றொன்று டிராகன் பெண். வளர்ந்த பையன் காட்டில் வேட்டையாடிய மானை ஒரு டிராகன் இழுக்க, அவன் ஈட்டியை ஓங்கினான். தாய் தோன்றி, அது அவனுடைய உடன்பிறப்பு என்று தடுத்தாள். இது அவர்களின் பூர்வ கதை. அதனால் ஓராவைக் கொல்வதில்லை.

1980-ல் தேசியப் பூங்கா வந்தது. 1991-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. மான் வேட்டைக்குத் தடை வந்தது. ஊர்க்காரர்கள் மீன்பிடிப்பு, மரத்தில் டிராகன் பொம்மை செதுக்குவது, வழிகாட்டி வேலை என மாறினார்கள்.

2019-ல் பெரிய இடி. தீவைச் சுற்றுலாவுக்கு மூடி, மக்களையும் வேறிடத்துக்கு அனுப்பப்போவதாக மாகாண அரசு அறிவித்தது. சுமார் 2,000 பேர் கொதித்தெழுந்தார்கள். அந்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. 2022-ல் நுழைவுக் கட்டணத்தை 37.5 லட்சம் ருபியாவாக, அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 20,000 ரூபாயாக உயர்த்தப்போவதாக அறிவிப்பு வந்தது. லாபுவான் பாஜோ நகரில் சுற்றுலாத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, அதுவும் பின்வாங்கப்பட்டது.

டிராகனுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2021-ல் ஐ.யு.சி.என். அமைப்பு இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தது. கடல் மட்டம் உயர்வதால், அடுத்த 45 ஆண்டுகளில் வாழிடத்தில் குறைந்தது 30 சதவிகிதம் சுருங்கலாம் என்பது அதன் கணிப்பு. கடல் ஏறினால், கரையோர வீடுகளும் தப்பாது. அக்காவும் தம்பியும் ஒரே படகில்தான்!

போகிறீர்களா?

ஜூலை, ஆகஸ்ட் இனச்சேர்க்கைக் காலம். டிராகன்கள் காட்டுக்குள் போய்விடும், பார்ப்பது கடினம். தொப்பியும் தண்ணீரும் அவசியம். திரும்பும் வழியில் கரையோரக் கடைகளில் மர டிராகன் ஒன்று வாங்குங்கள். அதைச் செதுக்கியவர் அந்தக் கிராமத்துக்காரராகத்தான் இருப்பார். கப்பல் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசைவிட, அவர் கையில் நேராகக் கொடுக்கும் காசுதான் அந்த ஊருக்குப் போய்ச் சேரும்.