பழைய குமிழும் புதிய குரலும்

பிழைப்பு நாடிப் பிற மாநிலம் வந்தோர் இல்லங்களில், ஊரிலிருந்து கொணர்ந்த பொருள் ஒன்றேனும் இருக்கும். சிலர்க்கு அம்மிக்கல், சிலர்க்குப் பாட்டியின் குத்துவிளக்கு. சந்தாபுராவில் வாழும் எமக்கோ அது ஒரு மோட்டார் வண்டி. 1978ஆம் ஆண்டின் பிரீமியர் பத்மினி.

இத்தாலியின் ஃபியட் 1100 வண்டியின் வழித்தோன்றலாக மும்பையின் குர்லாவில் உருவாகி, 1974 முதல் பத்மினி என்னும் பெயர் தாங்கி ஓடிய வண்டி அது. அதன் உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மும்பை வீதிகளில் டாக்சியாக ஓடிய கடைசிப் பத்மினியும் 2023இல் விடைபெற்றது. எந்தையார் வேலூரில் அதைப் பழைய வண்டியாக வாங்கினார். அதன் வானொலியில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டபடியே பின்னிருக்கையில் உறங்கிப்போன இரவுகள் எம் நினைவில் உள்ளன.

அவ்வானொலி இன்று இரைச்சலன்றி வேறெதுவும் தருவதில்லை. மத்திய அலை ஒன்றையே அறிந்த கருவி. பண்பலையையும் கைப்பேசியையும் அது கண்டதில்லை. கல்லூரியில் பயிலும் எம் மகன், "புதிய ஸ்டீரியோ வைத்தால்தான் இனி இந்த வண்டியில் வருவேன்" என்றான். அவ்வாறே ஒரு சனிக்கிழமை ஜே.சி. சாலைக்குச் சென்றோம்.

தேர்வு எளிதன்று என்பதை அங்கேதான் உணர்ந்தோம். இக்காலக் கருவியின் முகம் ஏறத்தாழ 18 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் உடைய செவ்வகம். பழைய வானொலிக்கோ இருபுறமும் இரு குமிழ்கள், நடுவே குறுகிய முகப்பு. கடைக்காரர் முகப்புத் தகட்டை அளந்துவிட்டு, "பத்து நிமிஷம் சார், கட்டரால் அறுத்துவிடலாம்" என்றார். மகன் தலையசைத்தான். பின்னிருக்கையில் அமர்ந்திருந்த எம் அன்னையார் அப்போதுதான் வாய் திறந்தார்.

"பாட்டு எதுல வேணா வரட்டும்டா. அந்தக் குமிழ் உங்கப்பா கை பட்டது. அதை அறுத்துடாதே."

கடைக்காரர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டார். எமக்கோ அன்று எதையும் வாங்க மனம் வரவில்லை.

பின்னர் சந்தாபுராவிலேயே முதிய எலெக்ட்ரீஷியன் ஒருவரை நாடினோம். அவர் விலையைப் பேசுமுன் வண்டியைப் பார்த்தார். அட்டைமேல் அச்சிட்ட பெரிய வாட் எண்களை நம்பலாகாது, ஆர்.எம்.எஸ். என்று குறித்த அளவே மெய்யானது என்றார். எம் வண்டியில் இருப்பது டைனமோ. வண்டி நிற்கும்போது அது தரும் மின்சாரம் சொற்பம். ஆகவே பெரிய ஆம்ப்ளிஃபையர் ஆகாது என்றார். வாரம் முழுதும் நிற்கும் வண்டியில், நினைவாற்றலுக்கென ஓயாமல் மின்சாரம் உண்ணும் மஞ்சள் கம்பி பேட்டரியை வறளச் செய்யும். அதற்குத் தனி ஸ்விட்ச் வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்.

குறுந்தகடு ஏற்காத சிறு கருவிகளுக்கு ஆழம் குறைவு. அத்தகைய ஒன்றை இடப்புறப் பெட்டிக்குள் மறைவாகப் பொருத்தினார். கதவுகளைத் துளைக்காமல், பின்கண்ணாடியின் கீழுள்ள தட்டில் பலகையிட்டு ஒலிபெருக்கிகளை அமைத்தார். இறுதியாக அவர் செய்ததுதான் எம்மை நெகிழ்வித்தது. பழைய வானொலியின் ஒலிக்குமிழுக்குள் இருந்த ஸ்விட்சைப் புதிய கருவியின் சிவப்புக் கம்பியோடு இணைத்தார். குமிழைத் திருகினால் புதிய கருவி உயிர்பெறும்.

மறுநாள் ஓசூர்ச் சாலையில் சென்றோம். அத்திப்பள்ளியைக் கடக்கையில் அன்னையார் பெயரனை நோக்கி, "நீயே திருகு" என்றார். ‘டக்’ என்ற அந்தப் பழைய ஓசை எழுந்தது. அன்னையார் கண்களை மூடிக்கொண்டார். அடுத்து ஒலித்தது மகனின் கைப்பேசியிலிருந்த புதிய பாடல். அதை அவர் குறை கூறவில்லை.

அயலூரில் பிள்ளைகளை வளர்க்கும் நாம், பழையதை அறுத்தெறிவதா, புதியதை வாசலிலேயே மறுப்பதா என்று அடிக்கடி தடுமாறுகிறோம். எம் பிள்ளை கேட்கும் பாடலை நாம் தேர்ந்தெடுக்க இயலாது. அதைத் தொடங்கிவைக்கும் குமிழையேனும் விட்டுச்செல்லலாம் என்று எண்ணிக்கொண்டே வண்டியை ஓட்டினோம்.